விளக்கை அணைப்பதா, பழுதைத் திருத்துவதா?

பேருவளையைச் சேர்ந்த புடவை வியாபாரி ஒருவர் கடந்த மாதம் தொலைபேசியில் என்னோடு கதைத்தார். "நாநா, என்ட பழைய டீசல் கார்ல டீ.பி.எப். லைட் மூணு தரம் எரிஞ்சிட்டு. மூணு தரமும் காசு கட்டி அணைச்சேன். இப்ப நாலாவது தரம். கராஜ்ல அத வெட்டி எறியச் சொல்றாங்க. என்ன செய்ய?" என்று கேட்டார்.

இதே கேள்வியை 2023ஆம் ஆண்டில் நானும் பலரிடம் கேட்டுத் திரிந்தேன். நான் மெக்கானிக் அல்லன், பலசரக்கு மொத்த வியாபாரி. ஆனால் அந்த விளக்கு எனக்கு ஒரு இலட்சத்துக்கும் மேல் செலவு வைத்த பிறகே சில விடயங்களைப் புரிந்து கொண்டேன். 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி 2025 பெப்ரவரியில்தான் மீண்டும் திறக்கப்பட்டது. இடைப்பட்ட காலத்தில் விலைகள் எங்கோ போய்விட்டன. எனவே எம்மில் பலர் பத்துப் பதினைந்து வருடப் பழைய டீசல் வாகனங்களை வைத்துக் கொண்டுதான் தொழில் செய்கிறோம். அவர்களுக்கும் பயன்படட்டும் என்று இதனை எழுதுகிறேன்.

பலகடுவ ஏற்றத்தில் நின்ற வேன்

என்னுடையது ஜப்பானிலிருந்து வந்த ரீகண்டிஷன் டீசல் வேன். 2011ஆம் ஆண்டுத் தயாரிப்பு. 2014இல் வாங்கினேன். பல வருடங்கள் எந்தத் தொல்லையும் தரவில்லை. ஒரு நாள் அக்குறணையிலிருந்து மாத்தளையில் நடக்கவிருந்த ஒரு கல்யாண வீட்டுக்கு அறுநூறு கிலோ அரிசியும் சாமான்களும் ஏற்றிக் கொண்டு போகும்போது, பலகடுவ ஏற்றத்தில் வேன் திடீரென்று இழுவையை இழந்தது. எக்ஸிலேட்டரை எவ்வளவு மிதித்தாலும் மாட்டு வண்டி போல ஊர்ந்தது. டேஷ்போர்டில் இரண்டு விளக்குகள் எரிந்தன. ஒன்று எஞ்சின் விளக்கு, மற்றது டீ.பி.எப். விளக்கு. வாடகைக்கு ஒரு லொறி பிடித்து, சாமானை மாற்றி ஏற்றி, பகல் சாப்பாட்டுக்குச் சமைக்க வேண்டிய அரிசியை எட்டு மணிக்குப் பதிலாகப் பத்தரைக்குக் கொண்டு போய்ச் சேர்த்தேன். அந்த வீட்டார் ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் அடுத்த கல்யாணத்துக்கு எனக்கு ஓடர் தரவுமில்லை.

முதலாவது கராஜில் கம்பியூட்டரை மாட்டி ஸ்கேன் செய்தார்கள். பழுதுக் குறியீடுகளை அழித்தார்கள். வேனை நிறுத்தி வைத்தபடியே எஞ்சினை முடுக்கிக் கரியை எரித்தார்கள். 12,500 ரூபா. மூன்று வாரத்தில் விளக்கு மீண்டும் எரிந்தது.

இரண்டாவது இடத்தில் வடிகட்டியைக் கழற்றிச் சுத்தம் செய்தார்கள். 35,000 ரூபா. ஆறு வாரம் தாக்குப் பிடித்தது.

மூன்றாவது இடத்தில் "சென்ஸர்தான் பழுது" என்றார்கள். பஞ்சிகாவத்தையில் பாவித்த சென்ஸர் ஒன்று வாங்கிப் போட்டோம். கூலியோடு 28,000 ரூபா. ஒன்பதே நாளில் விளக்கு வந்து விட்டது.

மொத்தம் 75,500 ரூபா. வேன் கராஜில் நின்ற நான்கு நாட்களுக்கும் வாடகை லொறிக்கு 48,000 ரூபா. நான்காவதாகப் போன இடத்தில் இரண்டே வழி சொன்னார்கள். புதிய வடிகட்டி வாங்கினால் ஏழரை இலட்சம்; வெட்டி எடுத்து விட்டு வெறும் குழாய் வைத்து, கம்பியூட்டரையும் மாற்றி எழுதினால் 60,000. உண்மையைச் சொன்னால், அன்று 60,000 ரூபாவைக் கையில் எடுத்துக் கொண்டுதான் வீட்டை விட்டுப் புறப்பட்டேன்.

இந்த வடிகட்டி என்னதான் செய்கிறது?

மேற்கொண்டு சொல்வதற்கு முன் இதனை விளங்கிக் கொள்ள வேண்டும். டீசல் எரியும்போது கரித்துகள் உண்டாகும். அது வெளியே போகாமல் பிடித்து வைப்பதுதான் டீ.பி.எப். எனப்படும் வடிகட்டி. இசுசு லொறிகளில் இதே வேலையைச் செய்வதை டீ.பி.டீ. என்பர், ஹினோவில் டீ.பி.ஆர். என்பர். வெளியே பார்த்தால் சைலன்ஸர் போன்ற ஒரு டப்பா. உள்ளே தேன்கூடு போல மெல்லிய குழாய்கள் கொண்ட பீங்கான் கட்டி. ஒரு குழாய்க்கு முன்பக்கம் அடைப்பு, பக்கத்துக் குழாய்க்குப் பின்பக்கம் அடைப்பு. ஆகவே புகை அந்தப் பீங்கான் சுவரை ஊடறுத்துத்தான் வெளியேற முடியும். கரி சுவரிலேயே தங்கிவிடும். நல்ல நிலையில் உள்ள வடிகட்டி நூற்றுக்குத் தொண்ணூறுக்கும் அதிகமான கரியைப் பிடித்து விடும்.

பிடித்துக் கொண்டே இருந்தால் ஒரு நாள் நிரம்பத்தானே வேண்டும்? அதனால் வாகனம் தானே அதை எரித்துச் சாம்பலாக்கிக் கொள்ளும். நீண்ட தூரம் நல்ல வேகத்தில் ஓடும்போது புகையின் சூட்டிலேயே ஒரு பகுதி மெல்ல மெல்ல எரியும். அது போதாத போது கம்பியூட்டர் சற்று மேலதிகமான டீசலை விட்டு, வடிகட்டியின் வெப்பத்தை ஏறத்தாழ 600 பாகை செல்சியஸ் வரை உயர்த்திக் கரியை எரிக்கும். இதற்குப் பதினைந்து இருபது நிமிடங்கள் இடைவிடாத ஓட்டம் தேவை. இடையில் எஞ்சினை நிறுத்தினால் வேலை அரைகுறையாக நின்று விடும்.

இங்கே இரண்டு பொருட்களை வேறுபடுத்தி அறிய வேண்டும். கரி எரியும், சாம்பல் எரியாது. எஞ்சின் ஒயிலில் கலந்துள்ள கல்சியம், நாகம் போன்றவை எரிந்து வரும் சாம்பல் வருடக் கணக்கில் வடிகட்டிக்குள் படியும். அதைக் கழற்றித்தான் எடுக்க வேண்டும். கரி நிரம்பிய வடிகட்டிக்கும் சாம்பல் நிரம்பிய வடிகட்டிக்கும் மருந்து வேறு. இரண்டுக்கும் ஒரே விளக்கு எரிவதால்தான் நாம் ஏமாறுகிறோம்.

பழைய தாளில் இருந்த விடை

60,000 ரூபாவோடு போன வழியில் கட்டுகஸ்தோட்டையில் ஒரு வயதான சிங்கள பாஸைச் சந்தித்தேன். முன்பு எனது லொறியைத் திருத்தியவர். விடயத்தைச் சொன்னேன். அவர் ஸ்கேன் கருவியைத் தொடவே இல்லை. நான்கு கேள்விகள் கேட்டார்.

"முதலாளி, வேன் இப்போது எங்கே ஓடுகிறது?"

யோசித்துப் பார்த்தேன். முன்பு வாரம் இரண்டு தரம் கொழும்புக்குப் போய் வந்த வேன் அது. 2022 எரிபொருள் நெருக்கடிக்குப் பிறகு சாமான்களை லொறியில் வரவழைத்துக் கொள்கிறேன். வேன் கடைக்கும் ஸ்டோருக்கும், கட்டுகஸ்தோட்டைக்கும் கண்டிக்கும் மட்டும்தான். பத்து நிமிடம் ஓட்டம், அரை மணி நேரம் நிறுத்தம். 2022இல் டீசல் வரிசையில் நின்ற நாட்களில் பத்து அடிக்கு ஒரு தரம் ஸ்டார்ட் பண்ணி நிறுத்தியதும் ஞாபகத்துக்கு வந்தது.

"ஒயில் கம்பியை எடுத்துப் பார்த்தீர்களா?"

எடுத்தார். ஒயில் மேல் கோட்டையும் தாண்டி ஒரு விரல் அளவு கூடியிருந்தது. முகர்ந்து பார்க்கச் சொன்னார். டீசல் வாடை. கரியை எரிக்க மேலதிகமாக விடப்படும் டீசல், வேலை பாதியில் நிற்கும் ஒவ்வொரு முறையும் சிறிது சிறிதாக வழிந்து ஒயிலில் கலந்திருக்கிறது. ஒயில் குறைந்தால் பயப்படும் நாம், கூடினால் சந்தோஷப்படுகிறோம். டீசல் கலந்து நீர்த்துப் போன ஒயில் பெயாரிங்குகளையும் டேர்போவையும் தின்றுவிடும் என்றார். விளக்கை மட்டும் அணைத்துக் கொண்டு இன்னும் இரண்டு மாதம் ஓடியிருந்தால் எஞ்சினே போயிருக்கும்.

"சூடு காட்டும் முள் எங்கே நிற்கிறது?"

பாதிக்குக் கீழே. பல மாதங்களாக அப்படித்தான். மலைநாட்டுக் குளிர் என்று நினைத்திருந்தேன்.

"முதன்முதல் ஸ்கேன் செய்த தாள் இருக்கிறதா?"

வியாபாரி என்ற வகையில் எனக்குள்ள ஒரு நல்ல பழக்கம், எந்தப் பற்றுச்சீட்டையும் வீசுவதில்லை. வேனின் பெட்டியிலிருந்து எடுத்துக் கொடுத்தேன். அதில் ஒரு குறியீடு அல்ல, இரண்டு இருந்தன. ஒன்று பீ 2463. கரி அளவுக்கு மீறிச் சேர்ந்து விட்டது என்பது. மற்றது பீ 0128. எஞ்சின் குளிர்நீர் உரிய சூட்டை அடையவில்லை என்பது. முதல் கராஜ்காரர் இரண்டையும் ஒன்றாக அழித்து விட்டு முதலாவதற்கு மட்டும் வைத்தியம் செய்திருக்கிறார். அதற்குப் பிறகு வந்தவர்களும் டீ.பி.எப். என்ற சொல்லைக் கேட்டதும் வேறெதையும் பார்க்கவில்லை. நானும் தாளைக் கையில் வைத்துக் கொண்டே வாசிக்கவில்லை.

உண்மையான பழுது தேர்மோஸ்டாட். எஞ்சின் சூடாகும் வரை குளிர்நீரை ரேடியேட்டருக்குப் போகவிடாமல் தடுக்கும் சிறிய கதவு அது. திறந்தபடியே இறுகிப் போயிருந்தது. பாஸ் கருவியை மாட்டி ஓடிக் காட்டினார். 80 பாகைக்கு மேல் நிற்க வேண்டிய குளிர்நீர் 64ஐத் தாண்டவில்லை. எஞ்சின் உரிய சூட்டுக்கு வராவிட்டால் கம்பியூட்டர் கரியை எரிக்க அனுமதிக்காது, அல்லது தொடங்கி விட்டுக் கைவிடும். அத்தோடு குளிர்ந்த எஞ்சினுக்கு டீசலும் அதிகம் செலவாகும். கரியும் அதிகம் வரும். வரவு கூடி, செலவு வழி அடைபட்டால் ஸ்டோர் நிரம்பாமல் என்ன செய்யும்?

இன்னுமொரு பழுதும் அகப்பட்டது. டேர்போவிலிருந்து வரும் ரப்பர் ஹோஸ் ஒன்று கிளிப்புக்குக் கீழே வெடித்திருந்தது. அவ்விடம் ஒயில் ஈரமாக இருந்ததால்தான் கண்ணில் பட்டது. காற்று கசிந்தால் டீசல் முழுமையாக எரியாது. மேலும் கரி.

தேர்மோஸ்டாட்டும் கூலன்டும் 9,500 ரூபா. ஹோஸ் 7,000. சரியான ஒயிலும் பில்டரும் 26,000. கடைசியில் கரியை எரித்துக் கொடுத்த கூலி 10,000. மொத்தம் 52,500 ரூபா. அதிலும் ஒயில் எப்படியும் மாற்ற வேண்டியதுதான். மறுநாள் மாத்தளை, நாவுல வழியாகத் தம்புள்ளை வரை ஓடித் திரும்பினேன். வரும்போது பலகடுவ ஏற்றத்தில் வேன் பழையபடி இழுத்தது. அன்றிலிருந்து இன்று வரை அந்த விளக்கு எரியவில்லை.

எந்த ஒழுங்கில் பார்க்க வேண்டும்?

பாஸிடம் கற்றுக் கொண்ட ஒழுங்கை இங்கே தருகிறேன். மலிவானதிலிருந்து தொடங்கி விலை கூடியதற்குப் போவதே இதன் இரகசியம்.

1. குறியீடுகளை அழிக்கவிடாமல், முதலில் எல்லாவற்றையும் எழுதி வாங்குங்கள். டீ.பி.எப். அல்லாத வேறு குறியீடு இருந்தால் அதை முதலில் தீருங்கள். வேறு பழுது பதிவாகியிருக்கும் போது பல வாகனங்கள் கரியை எரிக்கும் வேலையைத் தொடங்குவதே இல்லை.

2. ஒயில் மட்டத்தைப் பாருங்கள். மேல் கோட்டைத் தாண்டியிருந்தால் உடனே மாற்றுங்கள். டேங்கில் டீசல் கால்வாசிக்கும் குறைவாக இருந்தாலும் சில வாகனங்கள் கரியை எரிக்கமாட்டா.

3. குளிர்நீரின் சூட்டைக் கருவியில் பாருங்கள். முள்ளை மட்டும் நம்பாதீர்கள்.

4. அழுத்த சென்ஸரைச் சோதியுங்கள். வடிகட்டிக்கு முன்னும் பின்னும் உள்ள அழுத்த வித்தியாசத்தை அளப்பது அது. எஞ்சினை ஸ்டார்ட் பண்ணாமல் சுவிச்சை மட்டும் போட்டால் பூச்சியம் காட்ட வேண்டும். காட்டாவிட்டால் சென்ஸரில் குறை. அதற்குப் போகும் இரண்டு சிறிய ரப்பர் குழாய்களைக் கழற்றி, வெடிப்போ அடைப்போ உண்டா என்று பாருங்கள். சென்ஸரை மாற்றினால், புதிய சென்ஸரைக் கம்பியூட்டருக்கு அறிமுகப்படுத்த வேண்டிய வாகனங்களும் உண்டு.

5. கரி ஏன் அதிகம் வருகிறது என்று தேடுங்கள். எயார் பில்டர், டேர்போ ஹோஸ்கள், கரி பிடித்து இறுகிய ஈ.ஜீ.ஆர். வெல்வ், சொட்டும் இன்ஜெக்டர் ஆகியனவே வழமையான காரணங்கள்.

6. இவை யாவும் சரியான பிறகே கரியை எரிக்க வேண்டும். நிறுத்தி வைத்து எரிப்பதாயின் திறந்த இடத்தில் செய்யுங்கள். புகைக்குழாய் நெருப்பாகச் சுடும். கீழே காய்ந்த புல்லோ கடதாசியோ இருக்கக் கூடாது.

7. எரித்த பிறகும் அழுத்தம் இறங்காவிட்டால் அது சாம்பல். அப்போதுதான் கழற்றிச் சுத்தம் செய்ய வேண்டும். சூளையில் சூடாக்கி, பின்பக்கமிருந்து காற்றடித்து எடுப்பதே முறை. கடும் அமிலம் ஊற்றுவதும், கிட்ட வைத்துப் பலமாகத் தண்ணீர் அடிப்பதும் உள்ளே உள்ள பூச்சையும் பீங்கானையும் கெடுத்து விடும்.

8. பீங்கான் உருகியோ வெடித்தோ இருந்தால் மட்டுமே வேறு வடிகட்டி.

எனது மூன்று கராஜ்களும் ஆறாவது, ஏழாவது, நான்காவது படிகளில் தொடங்கின. முதல் மூன்று படிகளையும் ஒருவரும் தொடவில்லை. அந்த மூன்றையும் பார்க்க அரை மணி நேரம்கூடத் தேவையில்லை.

ஒயிலும் டீசலும்

வடிகட்டி உள்ள வாகனத்துக்குச் சாம்பல் குறைந்த ஒயில்தான் விட வேண்டும். ஜப்பான் கார், சிறிய வேன்களுக்கு ஜாசோ டீ.எல்-1 என்றும், லொறி, பஸ்களுக்கு டீ.எச்-2 என்றும் டின்னில் குறிப்பிட்டிருக்கும். ஐரோப்பியக் கார்களில் பலவற்றுக்கு ஏ.சீ.ஈ.ஏ. சீ2 அல்லது சீ3. உங்கள் வாகனக் கைநூலில் எது உள்ளதோ அதுவே சரி. ஆயிரம் ரூபா மலிவு என்று வேறு ஒயில் ஊற்றினால் அந்த இலாபம் சாம்பலாகத்தான் சேரும்.

டீசலைப் பொறுத்தவரை சாதாரண ஓட்டோ டீசலை விட சுப்பர் டீசலில் கந்தகம் மிகக் குறைவு. கந்தகம் கூடினால் வடிகட்டிக்கு முன்னால் உள்ள கெட்டலிஸ்ட் பலவீனமாகும். எல்லா நாளும் சுப்பர் டீசல் கட்டுப்படியாகாது என்பது எனக்கும் தெரியும். ஆனால் மலிவுக்காக மண்ணெண்ணெய் கலந்த டீசலை, தெரியாத இடங்களில் கேனில் வாங்கும் பழக்கம் இருந்தால் அதை விட்டு விடுங்கள்.

ஓட்டத்தைப் பொறுத்தவரை, வாரம் ஒரு தரமாவது இருபது முப்பது நிமிடம் நிறுத்தாமல், மணிக்கு அறுபது கிலோமீற்றருக்குக் குறையாமல் ஓட்ட வேண்டும். நான் இப்போது வாரம் ஒரு நாள் தம்புள்ளைச் சந்தைக்கு எனது வேனிலேயே போகிறேன். வெங்காயமும் கிடைக்கிறது, கரியும் எரிகிறது. ஊருக்குள் மட்டுமே ஓடும் தொழில் என்றால், அடுத்த வாகனம் வாங்கும் போது டீசல்தான் வேண்டுமா என்று ஒரு தரம் யோசிப்பது நல்லது.

வெட்டி எறிவது பற்றி

"வெட்டினால் தொல்லை தீர்ந்தது" என்று சொல்பவர்கள் பலர் உண்டு. எனது வேனில் வெட்டியிருந்தால் விளக்கு அணைந்திருக்கும்; ஆனால் தேர்மோஸ்டாட் பழுது அப்படியே இருந்திருக்கும், ஹோஸ் கசிந்து கொண்டே இருந்திருக்கும். வருமான அனுமதிப் பத்திரத்துக்கான புகைப் பரிசோதனையில் வருடா வருடம் நெஞ்சு படபடக்க நின்றிருப்பேன்.

அதைவிடப் பெரிய விடயம் ஒன்று உண்டு. டீசல் புகை மனிதருக்குப் புற்றுநோயை உண்டாக்கும் என்று உலக சுகாதார ஸ்தாபனத்தின் புற்றுநோய் ஆய்வு முகவரகம் 2012ஆம் ஆண்டிலேயே திட்டவட்டமாக அறிவித்து விட்டது. எனது கடைக்கு முன்னால் வேனை ஸ்டார்ட் பண்ணி வைத்திருக்கும் போது அந்தப் புகையை முதலில் சுவாசிப்பது மூட்டை தூக்கும் எனது ஊழியர்களும், பாடசாலை விட்டு வரும் பிள்ளைகளும்தான்.

விற்பனையையும் யோசிக்க வேண்டும். வெட்டிய வாகனத்தைச் சொல்லாமல் விற்றால் அது குறையை மறைத்து விற்பது. சொல்லி விற்றால் விலை குறையும். பூச்சி விழுந்த அரிசி மூட்டையை மேலே நல்ல அரிசி தூவி விற்பவரை நாம் வியாபாரி என்று மதிப்பதில்லை. வாகனத்துக்கும் அதே கணக்குத்தான். பழைய டீசல் வாகனம் வாங்குபவர்களும், வடிகட்டி உள்ளே இருக்கிறதா, வெறும் டப்பா மட்டும்தானா என்று கேட்டுப் பார்த்து வாங்குங்கள்.

பேருவளைச் சகோதரருக்கு இந்த ஒழுங்கைத் தொலைபேசியிலேயே சொன்னேன். இரண்டு நாட்களில் திரும்ப எடுத்தார். அவருடைய காரில் தேர்மோஸ்டாட் நன்றாகவே இருந்தது. ஒயிலும் சரி. அழுத்த சென்ஸருக்குப் போகும் ரப்பர் குழாயின் நுனி வெடித்திருந்ததாம். வடிகட்டியை மூன்று தரம் கழுவியவர்களில் எவரும் அந்தக் குழாயைத் தொட்டுப் பார்க்கவில்லை. குழாய் 600 ரூபா.

ஆகவே எனது வேனின் பழுதுதான் உங்கள் வாகனத்துக்கும் என்று நினைத்துத் தேர்மோஸ்டாட் வாங்க ஓட வேண்டாம். அடுத்த தரம் விளக்கு எரிந்தால் "இதை அணைக்க எவ்வளவு?" என்று கேட்காமல், "இது ஏன் எரிகிறது?" என்று கேளுங்கள். பதில் சொல்லத் தெரிந்த பாஸிடம் வாகனத்தைக் கொடுங்கள். ஸ்கேன் தாளைப் பத்திரமாக வைத்திருங்கள். வைத்திருந்தால் மட்டும் போதாது, ஒரு தரம் வாசித்தும் பாருங்கள்.